விற்ற காணியும் எடுத்த படமும்

பாரதிதாசன் தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளைச் சென்னையில், ஒரு சினிமா எடுக்கும் முயற்சியில் கழித்தார். 1891இல் புதுச்சேரியில் பிறந்தவர். பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சினிமா அவருக்குப் புதிதல்ல. 1937இல் வந்த ‘பாலாமணி அல்லது பக்காத் திருடன்’ காலத்திலிருந்தே படங்களுக்கு எழுதிவந்தார். ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தை வைத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் ‘பொன்முடி’ எடுத்தது. ஆனால் அடுத்தவர் படத்துக்கு எழுதிக்கொடுப்பது வேறு, தன் படத்தைத் தானே எடுப்பது வேறு. எழுபது வயதுக்கு மேல் ‘பாண்டியன் பரிசு’ காவியத்தைத் தாமே படமாக்க இறங்கினார். படம் வரவில்லை. 1964 ஏப்ரல் 21 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தார். உடல்தான் புதுச்சேரிக்கு வந்தது. மகன் மன்னர்மன்னன் பின்னாளில் தந்தையின் வரலாற்றை எழுதினார்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. சினிமா எடுக்கப் போய்த் தோற்றவன் என்றால் வேலைவெட்டிக்குப் போகாத பையன், அப்பன் காசை அழித்தவன், சொன்ன பேச்சு கேளாதவன் என்றுதான் எங்கள் பக்கத்தில் நினைக்கிறார்கள். வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று எந்தக் கொம்யூனுக்குப் போனாலும் ஊருக்கு ஒருவனாவது அப்படி இருக்கிறான். அவனைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் ஒரே குரல் வந்துவிடுகிறது. தமிழில் அத்தனை எழுதிய மனிதரையே இந்த ஆசை எழுபது வயதில் ஊரைவிட்டுக் கிளப்பியது என்பதை நினைத்துப் பார்த்தால், இருபத்து மூன்று வயதுப் பையனிடம் இவ்வளவு கடுமை காட்ட மாட்டோம்.

என் சித்தி மகன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பாகூர் ஏரியின் ஆயக்கட்டில் உள்ள ஒரு கிராமம். சித்தப்பா நகரத்து மில் ஒன்றில் வேலை பார்த்தபடியே, காலையிலும் மாலையிலும் ஒன்றரைக் காணி நஞ்சையைப் பார்த்துக்கொண்டவர். எங்கள் பக்கம் வாயில் காணி, குழி என்போம். பத்திரத்தில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று பிரெஞ்சுக்காரன் கணக்கில் இருக்கும். மில் நின்ற பிறகு அந்த நிலமும் கைக்கு வந்த கொஞ்சம் பணமும்தான் வீடு. பையன் பாலிடெக்னிக் முடித்தான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சில மாதம் வேலை பார்த்தான். பிறகு ஒருநாள் சென்னைக்குப் பஸ் ஏறினான்.

அந்தக் காலகட்டத்தைக் கவனிக்க வேண்டும். 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ தொடங்கியது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அதில் குறும்படம் எடுத்துக் காட்டியவர்கள்தான். 2012இல் ‘பீட்சா’, 2013இல் ‘சூது கவ்வும்’. யாருக்கும் உறவில்லாத பையன்கள், எந்த இயக்குநரிடமும் பத்து வருஷம் கைகட்டி நிற்காத பையன்கள், நேரே படம் எடுத்தார்கள். ‘நாளைய இயக்குநர்’ தொடங்குவதற்கு ஓராண்டு முன்னால்தான் கேனான் 5டி மார்க் டூ கேமரா சந்தைக்கு வந்திருந்தது. அதுவரை 35 எம்எம் ஃபிலிமில் 400 அடிச் சுருள் ஒன்று நாலரை நிமிஷம்கூட ஓடாது. ஒவ்வொரு டேக்கும் காசு. இப்போது கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவரிடம் நாள் வாடகைக்குக் கேட்டால் அதே கேமரா கிடைக்கிறது. பையன்களை ஏமாற்றியது இந்த இடம்தான் என்று நினைக்கிறேன். படத்தைத் தொடங்குவது மலிவாகிவிட்டது. முடிப்பது மலிவாகவில்லை. டப்பிங், கலர் கரெக்ஷன், சவுண்ட் மிக்ஸிங், சென்சார், டிஜிட்டல் சினிமாக்காரர்களுக்குத் தியேட்டர்வாரியாகக் கட்ட வேண்டிய பணம், போஸ்டர், ஒட்டுக்கூலி என்று எல்லாம் பழையபடி லட்சங்களில்தான் நின்றது. தொடங்க முடிந்தவர்கள் ஆயிரம் பேர். முடிக்க முடியாதவர்களும் ஏறக்குறைய அதே ஆயிரம் பேர்.

ஊரிலும் அந்தச் சமயத்தில் சினிமா கண்ணெதிரே நடந்தது. ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ புதுச்சேரித் தெருக்களில் எடுக்கப்பட்டது. ‘நானும் ரௌடிதான்’ படத்தில் புதுச்சேரியே ஒரு பாத்திரமாக வந்தது. வெள்ளை மதிலும் காகிதப்பூவும் கடலும் வேண்டும் என்று சென்னையிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். சங்கராபரணி ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஊசுட்டேரிக்கு அந்தப் பக்கம் உள்ள மனிதர்கள் யாருடைய கதையிலும் வரவில்லை. எங்கள் பையன் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். “அண்ணே, அவங்க நம்ம ஊர வந்து எடுத்துட்டுப் போறாங்க. நாம நம்ம ஊர எடுக்கக் கூடாதா?” அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சாலிகிராமத்தில் ஐந்து பேரோடு ஓர் அறை. முதல் படத்தில் நான்காவது உதவி இயக்குநர்: கிளாப் அடிப்பது, கன்டினியூட்டி எழுதுவது, நடிகருக்குச் சீன் பேப்பர் கொண்டுபோய்க் கொடுப்பது. பேட்டா வந்தால் வந்தது. அந்தப் படம் பாதியில் நின்றது. இரண்டாவதாகச் சேர்ந்த இடத்தில் ஒரு வருஷம் டிஸ்கஷன் மட்டும் நடந்தது. பிறகு தன் கதையைத் தூக்கிக்கொண்டு தயாரிப்பாளர்களைப் பார்க்க ஆரம்பித்தான். ஒன்லைன் சொன்னால் பவுண்ட் ஸ்கிரிப்ட் கேட்பார்கள். அதைக் கொடுத்தால் ஹீரோ யார் என்பார்கள். கடைசியில், தானே எடுப்பதென்று ஊருக்கு வந்தான். வேண்டியது பணம். இருந்தது நிலம்.

கதையும் நிலத்தைப் பற்றியதுதான். பாகூர்ப் பக்கத்து நஞ்சையெல்லாம் மனையாகிறது. ஒரு விவசாயி மட்டும் விற்க மறுக்கிறான். அந்தப் படத்தை எடுக்கவே நிலத்தை விற்க வேண்டி வந்தது. இந்த முரணை அவன் அறியாமல் இல்லை. அறுப்பு முடிந்து பத்திரம் பதிவாவதற்குள் ஷூட்டிங்கை முடித்துவிட வேண்டும் என்று அதே வயலில் ஓடி ஓடி எடுத்தான்.

சித்தப்பா ஏன் கையெழுத்துப் போட்டார் என்பதைப் பின்னாளில் என்னிடம் சொன்னார். “நான் இல்லன்னு சொல்லி, நாளைக்கு அவன் தோத்துட்டான்னு வெய்யி. எங்கப்பன் குடுக்கல, அதான் தோத்தேன்னு சாகிற வரைக்கும் சொல்லுவான். அந்தப் பேச்சு எனக்கு வேணாம்பா.” நம்பிக் கொடுக்கவில்லை, பழிக்குப் பயந்து கொடுத்தார். அது பையனுக்கும் தெரிந்திருந்தது. நம்பாமல் கொடுத்த பணத்தை வாங்கியவனால் கொடுத்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வீட்டில் உறவு முறிந்தது படம் நின்றபோது அல்ல, பதிவு அலுவலகத்திலேயே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வில்லியனூர்த் தேரன்று எடுத்த ஒரு காட்சி இருக்கிறது. திருக்காமீசுவரர் கோயில் வைகாசித் தேருக்கு, பிரெஞ்சுக் கவர்னர் காலத்து வழக்கம் மாறாமல், இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். துணை நடிகர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாததால் அந்தக் கூட்டத்துக்குள் தன் நடிகரை விட்டு, தோளில் கேமராவை வைத்துக்கொண்டு பின்னால் ஓடினான். பிறகு ஏரி மதகு திறக்கும் காட்சி. அதற்கப்புறம் பணம் தீர்ந்தது. முக்கால்வாசி எடுத்து, அரைகுறையாக எடிட் செய்து, டப்பிங் இல்லாமல் நின்றுபோன படம் அது. பீரோவில் நிலப் பத்திரம் இருந்த தட்டில் இப்போது ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. சித்திதான் அங்கே வைத்தாள்.

அதன்பிறகு அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தார்கள். “அம்மா, கரண்ட் பில் கட்டியாச்சுன்னு சொல்லு” என்பான், அப்பா கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. “ரேஷன் கார்ட அவன எடுத்துட்டுப் போகச் சொல்லு” என்பார் இவர். நடுவில் நிற்கும் சித்திக்கு இரண்டு பேச்சையும் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் சொல்லுவாள். தங்கை கல்யாணத்தில் அவன் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இலையிலும் ஒரே விசாரிப்பு: “என்னப்பா, படம் எப்போ ரிலீசு?” கேட்டவர்களில் பாதிப் பேர் அக்கறையாகத்தான் கேட்டார்கள். பந்தி முடிவதற்குள் அவன் மண்டபத்தை விட்டுப் போய்விட்டான். தாரை வார்க்கும்போது அண்ணன் இல்லை. தங்கை அதை இன்னும் மறக்கவில்லை. நிலம் விற்றதைக்கூட மன்னித்துவிட்டாள்.

இதை எழுதும்போது ருத்ரய்யா நினைவுக்கு வருகிறார். சேலம் ஆட்டையாம்பட்டிக்காரர், அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்தவர். 1978இல் ‘அவள் அப்படித்தான்’ எடுத்தார். கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா நடித்த அந்தப் படத்தை நாற்பது வருஷம் கழித்தும் பேசுகிறோம். 1980இல் ‘கிராமத்து அத்தியாயம்’ வந்து தோற்றது. 2014 நவம்பரில் இறக்கும்வரை முப்பத்து நான்கு வருஷம் இன்னொரு படம் வரவில்லை. அவர் எடுக்காமல் போன படங்களைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் நிறைய எழுதியிருக்கிறோம். அந்த முப்பத்து நான்கு வருஷமும் ஏதோ ஒரு வீட்டில், மளிகைக் கணக்கோடும் வாடகையோடும்தானே கழிந்திருக்கும்? அதைப் பற்றி நாம் எழுதவில்லை. தோற்ற கலைஞனுக்கு ஒரு ஒளிவட்டம் கட்டிவிடுகிறோம். அவனோடு வாழ்ந்தவர்களை அந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். ஊர் செய்யும் அநியாயத்தின் மறுபக்கம் இது. ஊர் பையனைத் திட்டுகிறது, நாம் குடும்பத்தை மறக்கிறோம்.

பணத்தை ஒரே வீட்டின் தலையில் வைக்காமல் எடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. எழுத்தாளத் தம்பதியான து. ராமமூர்த்தி, சரோஜா ராமமூர்த்தியின் மகன் ஜெயபாரதி பொதுமக்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டி 1979இல் ‘குடிசை’ எடுத்தார். 2024 டிசம்பரில் அவர் இறக்கும்போது எடுத்திருந்த படங்கள் மிகச் சிலவே. அதில் இந்திரா பார்த்தசாரதியின் கதையை வைத்து எடுத்த ‘உச்சி வெயில்’ ஒன்று. தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ஒடேசா இயக்கத்தை அமைத்து, ஊர் ஊராகச் சாப்ளின் படம் போட்டு, துண்டேந்தி 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். மறு வருஷமே விழுந்து அடிபட்டு இறந்துபோனார். இவர்கள் யாரும் செல்வந்தராகிவிடவில்லை, துயரம் இல்லாமலும் இருக்கவில்லை. ஆனால் பத்து ரூபாய் கொடுத்த ஆயிரம் பேருக்கு அந்தப் படத்தைப் பார்க்கும் உரிமை இருந்தது, பார்க்கும் ஆசையும் இருந்தது. எங்கள் வீட்டில் நிலத்தையே கொடுத்தவர் அதைப் பார்க்கவில்லை.

கல்விக்கும் கலைக்கும் ஆகும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பாகூர் மண்ணில் மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. பாகூர்ச் செப்பேடுகள் அதைத்தான் சொல்கின்றன. படிக்கிறவர்களின் சோற்றுக்கு அவர்கள் அப்பன் நிலம் போகவில்லை. ஊர்களின் விளைச்சல் போனது. அது வேதம் ஓதியவர்களுக்கான கல்லூரி, உழுதவன் பிள்ளைக்கு அங்கே இடம் இருந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த மண்ணில் இப்போது உழுதவன் பிள்ளை ஒரு கலையைக் கற்க ஆசைப்பட்டால், அவன் அப்பனின் ஒன்றரைக் காணிதான் கொடை.

புதுச்சேரி அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். செய்தித் துறையும் நவதர்ஷன் திரைப்படக் கழகமும் அலையன்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து இந்தியத் திரைப்பட விழா நடத்துகின்றன. தேர்ந்தெடுத்த தமிழ்ப் படத்துக்கு நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது தருகிறார்கள். நல்ல காரியம். சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில்தான் இறந்தார், கருவடிக்குப்பத்தில் அடக்கம். மணம் செய்துகொள்ளாதவர். நாடகக் கம்பெனிப் பிள்ளைகள்தான் பிள்ளைகள். பாரிசவாயுவில் கையும் காலும் விழுந்த பிறகும் அவரைக் காப்பாற்றியது அந்தக் கம்பெனிதான். கலைஞனுக்குச் சோறு போட ஒரு சபை இருந்த காலம் அது. அவர் பெயரில் உள்ள விருது முடிந்த படத்துக்கு, வெளிவந்த படத்துக்குப் போகிறது. முக்கால்வாசியில் நிற்கும் படத்துக்கு டப்பிங் செலவைத் தரும் ஒரு சிறு நிதியும் அதே பெயரில் இருக்கலாம். பெரிய தொகை வேண்டியதில்லை. அந்தப் பையனுக்குக் கடைசியில் தேவைப்பட்டது, சென்னையிலிருந்து ஒரு பெரிய யூனிட் புதுச்சேரிக்கு வந்து இரண்டு நாள் எடுக்கும் பாட்டுக்கு ஆகும் செலவைவிட நிச்சயம் குறைவு.

அந்தப் படத்தை நான் பார்த்தேன். லேப்டாப்பில் போட்டுக் காட்டிவிட்டு அவன் வெளியே போய் நின்றுகொண்டான். உள்ளதைச் சொல்ல வேண்டும்: படம் நன்றாக இல்லை. வில்லன் வேறு பத்துப் படங்களில் பேசியதைத்தான் பேசுகிறான். காதல் காட்சிகளில் இவனுக்கே நம்பிக்கை இல்லை. பல இடங்களில் வசனத்துக்கு மேலே ஜெனரேட்டர் சத்தம். யாரோ சதி செய்து மறைத்துவிட்ட காவியம் அல்ல அது. ஆனால் இடையில் ஒரு பத்து நிமிஷம் இருக்கிறது. மதகு திறந்து, வாய்க்காலில் வந்த தண்ணீர் காய்ந்த வயலின் வெடிப்புகளில் இறங்குகிறது. முதலில் நிறம் மாறுகிறது, பிறகு விளிம்பு கரைகிறது, பிறகு குமிழி வருகிறது. கேமரா அசையவில்லை. அவசரப்பட்ட ஒருவன் எடுத்த படம் முழுக்க அந்த ஓரிடத்தில்தான் அவசரம் இல்லை. அதை ஒட்டி, தூரத்து வரப்பில் ஓர் ஆள் மம்மட்டியோடு வருகிறார். வாய்மடையில் குனிந்து ஒரு கொத்து மண்ணை எடுத்து அடைக்கிறார். நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிறார். நடிகர் அல்ல. சித்தப்பா. எடுப்பது அவருக்குத் தெரியாது. அந்த நடையை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். வலது காலைக் கொஞ்சம் அகட்டி வைப்பார்.

அந்த வயல் இப்போது இல்லை. எல்லைக்கல் நட்டு, செம்மண் கொட்டி, தார் போட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக உழுத நிலம், அதில் உழைத்த மனிதர், இரண்டும் சேர்ந்து இருக்கும் இடம் உலகத்திலேயே அந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். தன் அப்பாவை அவ்வளவு கவனமாகப் பார்த்த மகன் அவரோடு பேசுவதில்லை. தன் நிலத்தை விற்று எடுத்த படத்தில் தானே இருப்பது சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். “அத இன்னா பாக்கறது” என்று எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். வெறுப்பில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பார்த்து, பிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அது. பிடித்துவிட்டால் இத்தனை வருஷக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

பையன் இப்போது அரியூர்ப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். மாதம் ஒழுங்காக வீட்டுக்குப் பணம் கொடுக்கிறான், சித்தி கையில். கணக்கு எழுதி வைத்திருக்கிறான் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை. நிலத்தின் விலையை அவனால் திருப்ப முடியாது. பாகூரில் இன்று மனை போகும் விலைக்கு அது நடக்காது. ஆனால் படம் எடுத்த நாட்களில் எதற்கு எவ்வளவு போனது, எங்கே ஏமாந்தான், எங்கே தன் தப்பு என்பதைச் சித்தப்பாவிடம் உட்கார்ந்து சொல்ல முடியும். மில் யூனியன் கணக்கெல்லாம் பார்த்தவர் அவர். கணக்குச் சொன்னால் புரிந்துகொள்வார். அவருக்குப் பணம் போனதைவிட, எப்படிப் போனது என்று தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் பெரிதாக இருக்கிறது.

இப்படிப் பாதியில் நின்ற படமோ, எங்கும் போடாத குறும்படமோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வில்லியனூரில், கிருமாம்பாக்கத்தில், தேனியில், வவுனியாவில், எங்கேயும் இருக்கலாம். அதற்காக நகையோ நிலமோ கொடுத்தவராக நீங்கள் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை டிவியில் போடச் சொல்லிக் கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள். நன்றாக இல்லையென்றால் இல்லையென்றே சொல்லுங்கள். அதைக் கேட்க அவன் தயாராகத்தான் இருப்பான். எடுத்தவன் நீங்களென்றால், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே போட்டுக் காட்டுங்கள்.